பழைய கார் சீட்: தோலா, ரெக்சினா? கண்டுபிடிப்பதும் பராமரிப்பதும்

#1 மார்க்_இரண்டு

எல்லோருக்கும் வணக்கம். 1967இல் தயாரான ஜாகுவார் மார்க் 2 ஒன்றை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் சமாச்சாரங்களை வேறு இழையில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சீட் மட்டும்.

அடர் சிவப்பு சீட். "முழுக்க ஒரிஜினல் லெதர்" என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்குச் சந்தேகம். உட்காரும் இடத்தில் வலை பின்னியதுபோல நுண்ணிய விரிசல்கள். பக்கவாட்டுப் பகுதிகளும் முன்சீட்டின் பின்புறமும் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒரே சீராக மினுங்குகின்றன. ஓட்டுநர் ஏறி இறங்கும் ஓரத்தில் சிவப்பு தேய்ந்து உள்ளே வெளிர்பழுப்பு தெரிகிறது.

இது தோலா, ரெக்சினா, இரண்டும் கலந்ததா? தோல் என்றால் எதைப் பூசுவது? ஒருவர் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்கிறார். இன்னொருவர் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். மூன்றாமவர் கைவைக்காதே என்கிறார். உங்கள் பதில் வரும்வரை தூசி தட்டுவதோடு நிறுத்திவைத்திருக்கிறேன்.

#2 ஊசிநூல்

சார், பூசுறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி சீட் தப்பிச்சுது. நான் சீட் தைக்கிற ஆள். பழைய வண்டி நிறைய பிரிச்சுப் பார்த்திருக்கேன்.

மேல இருந்து பார்த்தா யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. அச்சுல அழுத்தி ரோமக்கண் மாதிரியே போட்ட ரெக்சினும் இருக்கு, அச்சுல அழுத்தி ரெக்சின் மாதிரியே தெரியற தோலும் இருக்கு. சீட்டைக் கழட்டி கவிழ்த்துப் போடுங்க. கவர் ஃபிரேமைச் சுத்தி உள்ளே மடிஞ்சு கிளிப்லயோ பசையிலயோ நிக்கும். அந்த ஓரத்தோட உள்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. தோலா இருந்தா உள்பக்கம் நார் நாரா, மெத்துனு, ஒரு இடத்துல தடிப்பா ஒரு இடத்துல மெலிசா இருக்கும். ரெக்சினா இருந்தா நெசவுத் துணியோ பனியன் துணி மாதிரி பின்னலோ தெரியும்.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க. வரி வரியா தைச்ச இடத்துல தோலுக்குப் பின்னாடி பஞ்சும் காடாத்துணியும் வெச்சுத் தைச்சிருப்பாங்க. அங்கே துணியைப் பார்த்துட்டு "ஐயோ ரெக்சின்"னு முடிவு பண்ணிடாதீங்க. வெட்டுன விளிம்புதான் சாட்சி. விளிம்புல மேலேர்ந்து கீழ வரை நார் மட்டும் இருந்தா தோல். மேல பிளாஸ்டிக் படலம், கீழ துணின்னு ரெண்டு அடுக்கா பிரிஞ்சா ரெக்சின்.

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா பாருங்க. நடுவுல தோல், பக்கத்துல ரெக்சின்னு வர்றது அந்தக் காலத்துல ரொம்ப சாதாரணம்.

#3 சாலைப்பறவை

லைட்டரைக் காட்டினால் தெரிந்துவிடுமே? பிளாஸ்டிக் உருகும், தோல் முடி கருகும் வாசம் அடிக்கும். வாசனையை வைத்தே சொல்லலாம் என்பார்கள்.

#4 ஊசிநூல்

வேண்டாம் தம்பி. ஃபோம் பக்கத்துல நெருப்பு கொண்டு போறதே ஆபத்து. அதோட தோலுக்கு மேல பூச்சு இருக்கும், அதுவும் உருகும். அப்போ தோலையே பிளாஸ்டிக்னு நினைச்சுடுவீங்க. வாசனையும் அப்படித்தான், லெதர் வாசனை ஸ்பிரே பாட்டில்ல வருது.

#5 பதனிடுவோன்

தோல் பதனிடும் தொழிற்சாலையில் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலில் அந்த 1967. மார்க் 2 1959இல் வந்தபோது தோல் சீட்தான் வழக்கம். 1966 செப்டம்பரில் செலவைக் குறைக்க ஜாகுவார் "ஆம்ப்ளா" என்ற வினைல் (நாம் ரெக்சின் என்பது) பொருளுக்கு மாறி, தோலைக் கூடுதல் தொகைக்குத் தருவதாக மாற்றியது. அதனால் உங்கள் காரில் இரண்டில் எதுவும் இருக்கலாம். விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. உட்காரும் முகப்பு மட்டும் தோல், மற்றவை வினைல் என்று செய்ததையும் "லெதர் சீட்" என்றே விற்பார்கள். மெர்சிடிஸ் காரர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. எம்பி-டெக்ஸ் என்ற அவர்களுடைய வினைலைப் பல ஆண்டுகள் தோல் என்று நம்பிப் பராமரித்தவர்கள் இருக்கிறார்கள்.

விரிசலும் ஒரு தடயம். நீங்கள் சொன்ன வலைபோன்ற நுண்விரிசல் பெரும்பாலும் தோலின் மேல்பூச்சில் வருவது. வினைல் மூப்படையும்போது அதை இளக்கமாக வைத்திருந்த சேர்மம் மெல்ல வெளியேறிவிடும். வினைல் விறைத்து, தையல் ஓரமாக நேர்கோட்டில் பிளக்கும், பிளவுக்குள் துணி தெரியும். தோல் விரிந்தால் உள்ளே தெரிவது பிசிறு பிசிறான நார்.

தோல் என்று உறுதியானபின் அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: மேலே இருக்கும் பூச்சு எது? சாயம் மட்டும் ஏறிய, பூச்சே இல்லாத அனிலின் தோல் பழைய கார்களில் அபூர்வம். 1980கள் வரையிலான கார்களில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது தின்னரில் கரையும் பழைய வகைப் பூச்சு. அதன்பிறகு நீரில் கரைத்த அக்ரிலிக், பாலியூரிதேன் வகைகள். இரண்டு சோதனை போதும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு முழுதாக இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் அங்கே பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. அடுத்து, சீட்டுக்கு அடியில் மடிந்த ஓரத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி தின்னர் தொட்டு ஒரே ஒரு முறை தேயுங்கள். சிவப்பு உடனே தாராளமாக ஒட்டிக்கொண்டு வந்தால் லாக்கர். லேசாக மட்டுமே வந்தாலோ வராமலே இருந்தாலோ பிற்காலப் பூச்சு. அதாவது யாரோ இடையில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். இது தெரியாமல் கடையில் ஒரு புட்டிகூட வாங்காதீர்கள்.

#6 தாத்தாவின்_வண்டி

பதனிடுவோன் அவர்களுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. எங்கள் வீட்டுக் காருக்குத் தாத்தா காலத்திலிருந்து கொனோலி ஹைட் ஃபுட் என்ற தோல் கிரீம்தான் தேய்த்து வருகிறோம். சீட் இன்னும் மெத்தென்று இருக்கிறது. தோலும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததுதானே, அதற்கு எண்ணெய்ப்பசை வேண்டாமா? "கைவைக்காதே" என்பது சோம்பேறித்தனமான அறிவுரை.

#7 பதனிடுவோன்

கைவைக்காதே என்று நான் சொல்லவில்லை. எதன்மேல் கைவைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வைக்கலாம் என்கிறேன்.

தோலுக்குக் கொழுப்பு வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் அது எப்போது, எந்த வழியாக உள்ளே போகிறது என்று பாருங்கள். பதனிடும்போது ஈரத் தோலைப் பீப்பாயில் போட்டு, தண்ணீரோடு கலந்த கொழுப்புப் பாலில் மணிக்கணக்கில் உருட்டுவோம். கொழுப்பு ஒவ்வொரு நாரையும் சுற்றிப் படிகிறது. அதன்பின்தான் மேலே லாக்கர் அடிப்பது. லாக்கர் முழுதாக இருக்கும் சீட்டில் மேலிருந்து எதைத் தேய்த்தாலும் பெரும்பகுதி பூச்சின்மேல்தான் நிற்கும். அங்கே நின்று தூசியைப் பிடிக்கும். அந்தத் தூசியின்மேல் உட்கார்ந்து எழுந்தால் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த கதைதான்.

உங்கள் தாத்தாவின் முறையில் பலன் இருந்திருக்கும். பழைய லாக்கரில் நுண்விரிசல்கள் இருக்கும், அவற்றின் வழியே கொஞ்சம் இறங்கும். சொட்டு எடுத்துத் தேய்த்து, இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் கெடுதல் இல்லை. கெடுவது அளவு மீறும்போது. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் குதிரைச் சேணத்துக்கு நல்லது. அங்கே தோல் தடிப்பு, பூச்சு குறைவு. கார் சீட்டில் அது நிறத்தைக் கறுப்பாக்கும், தோலைத் தொளதொளவென்று ஆக்கும், தையல் நூலில் இறங்கும். பின்னாளில் நிறம் அடிக்க நினைத்தால் பூச்சு ஒட்டாது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். நாள்பட்டால் சிக்கடிக்கும். தோலின் மேல் வெள்ளையாகப் பூத்து வரும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மேலும் எதையாவது ஊற்றுவார்கள்.

#8 நீலச்சக்கரம்

அந்த வெள்ளைப் பூப்பைப் பிரித்தறிய ஒரு வழி. விரலை அதன்மேல் அரை நிமிடம் வைத்து உடல்சூடு ஏற்றுங்கள். கொழுப்பாக இருந்தால் உருகி மறையும். பூஞ்சையாக இருந்தால் அப்படியே நிற்கும், பூதக்கண்ணாடியில் இழை இழையாகத் தெரியும். பூஞ்சை என்று சந்தேகம் வந்தாலே முதலில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. மார்க்_இரண்டு அண்ணா, சீட் தோல் என்று முடிவானால் முதலில் தேவைப்படுவது அழுக்கெடுப்பு. "தோல் காய்ந்துவிட்டது" என்று கொண்டுவரும் சீட்டுகளில் பெரும்பாலானவை காயவில்லை. பல வருட வியர்வையும் பழைய கிரீம்களும் படலமாக இறுகிப்போயிருக்கும். அதை எடுத்தாலே தோல் இளகுவது கையில் தெரியும்.

முதலில் மென்மையான பிரஷ் பொருத்திய வேக்குவம், தையல் இடுக்குகளில் மெதுவாக. அங்கே சிக்கிய மணல்தான் நூலை அறுக்கிறது. பிறகு தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனர். தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 4, 5 என்ற அளவில். துணி சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வீட்டுக் கிளீனர்களும் பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம். சேணத்துக்கான சோப்புகூடக் காரத்தன்மை உடையதுதான். கிளீனரைச் சீட்டில் தெளிக்காமல் ஸ்பாஞ்சில் எடுத்து நுரைத்து, அந்த நுரையை மட்டும் தடவ வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நுரை பழுப்பானதும் துடைத்தெடுக்க வேண்டும், அழுக்கு மறுபடி படியும்வரை விடக்கூடாது. கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. குழாய்த் தண்ணீரில் உப்பு இருந்தால் அது தோலில் தங்கும்.

துணியில் அழுக்குக்குப் பதில் சிவப்பு வர ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். காற்றோட்டமான நிழலில் தானாகக் காயட்டும். ஹேர் டிரையர் கூடாது, வெயில் கூடாது, நீராவிக் கருவி எக்காரணம் கொண்டும் கூடாது.

#9 சாலைப்பறவை

நீராவி ஏன் கூடாது? சர்வீஸ் இடங்களில் எல்லாம் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள். கிருமியும் சாகும் என்கிறார்கள்.

#10 பதனிடுவோன்

நனைந்த தோலுக்கு ஒரு எல்லை வெப்பம் உண்டு. அதைத் தாண்டினால் நார்கள் சுருண்டுவிடும், திரும்ப விரியவே விரியாது. குரோமியம் உப்பில் பதனிட்ட புதுத் தோல் சுமார் 100 டிகிரி வரை தாங்கும். மரப்பட்டைச் சாறு போன்ற தாவரச் சாற்றில் பதனிட்டது 70, 80 டிகிரியிலேயே சுருங்கும். வயதாகிச் சிதைந்த தோலில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். நீராவி முனையின் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். புது காரின் குரோம் தோலில் தப்பிக்கலாம். ஐம்பது, அறுபது வயதுச் சீட்டில் ஒரே இழுப்பில் தோல் விறைத்துச் சுருங்கித் தையலோடு கிழிந்துவிடும்.

வெட்டிய விளிம்பைப் பார்க்கும்போது நிறத்தையும் கவனியுங்கள். நடுப்பகுதி சாம்பல்நீலமாக இருந்தால் குரோம், மரப்பழுப்பாக இருந்தால் தாவரப் பதனிடல். சாயம் முழுவதும் ஊறியிருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது.

#11 வெள்ளிமுகப்பு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 1930களின் கார். பின்சீட்டின் தோல் தொட்டாலே செம்பழுப்பாகப் பொடி உதிர்கிறது, உடையெல்லாம் கறை. கிரீம் தடவலாமா?

#12 பதனிடுவோன்

கிரீமோ தண்ணீரோ எதுவும் தொடக்கூடாது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் காற்றிலுள்ள கந்தக வாயுக்களால் வருடக்கணக்கில் அமிலம் சேர்ந்து நார்களே அறுந்துபோன நிலை இது. நூலகங்களில் பழைய தோல் அட்டைப் புத்தகங்கள் உதிர்வதும் இதேதான். ஈரம் பட்டால் கறுத்து அப்பளமாக விறைக்கும். போன வலு திரும்பாது. ஆவணக் காப்பகங்களில் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துத் தடவிப் பொடி உதிர்வதை மட்டும் கட்டுப்படுத்துவார்கள். பார்வைக்கு வைத்திருக்கும் காருக்கு அது போதும். உட்கார்ந்து போக வேண்டுமென்றால் அந்தப் பகுதியைப் புதுத் தோலில்தான் தைக்க வேண்டும். பழையதை வீசிவிடாமல் நிறத்துக்கும் வடிவத்துக்கும் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

#13 மார்க்_இரண்டு

சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். உட்காரும் இடமும் சாயும் முகப்பும் தோல்தான், விளிம்பு முழுக்க நார், நடுவில் லேசான சாம்பல்நீலம். பக்கவாட்டும் பின்புறமும் பின்னல் துணி ஒட்டிய வினைல். பஞ்சுக்குச்சியில் சிவப்பு அப்படியே வந்துவிட்டது. ஆக லாக்கர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சீட்டைத் தூக்கியதும் அடியில் மஞ்சள்பொடி கொட்டியது. அழுகிய ஸ்பாஞ்ச் மாதிரி. இதற்கும் விரிசலுக்கும் தொடர்பு உண்டா?

#14 ஊசிநூல்

அதுதான் சார் மூல வியாதி. இவ்வளவு நேரமும் எல்லாரும் மேல பார்த்துட்டு இருந்தோம், காரணம் கீழ இருக்கு.

அந்தப் பொடி லேடெக்ஸ் ரப்பர் ஃபோம். வயசாச்சுன்னா விறைச்சு மாவா உதிரும். ஃபோம் நிரம்பி இருக்கிறப்ப தோல் தொய்யாம இழுத்து நிக்கும். மனுஷன் உட்கார்ந்தா வெயிட் பரவலா விழும். ஃபோம் இறங்கினதும் தோல் தளர்ந்து மடிப்பு விழுது. உட்காரும்போதெல்லாம் அதே மடிப்புல அதே கோட்டுல மடங்கும். முதல்ல லாக்கர் விரியும், அப்புறம் அந்தக் கோட்டுல அழுக்கு இறங்கும், அப்புறம் தோலே அறும். நீங்க உலகத்துலயே நல்ல கிரீமை வாங்கித் தடவினாலும், கீழ தாங்க ஆள் இல்லைன்னா அந்த மடிப்பு நிக்காது. விரிசல் விழுந்த சீட்டுன்னு என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல கிரீம் கேஸே இல்லை, ஃபோம் கேஸ்.

புது ஃபோம் போடுங்க. ஆனா அந்தக் கவர் இத்தனை வருஷத்துல சுருங்கியும் இருக்கும், இளகியும் இருக்கும். பழைய அளவுக்கு வெட்டின கெட்டி ஃபோமை உள்ளே திணிச்சு இழுத்தா தையல்ல பிய்யும். ஒரு சுற்று குறைவா வெட்டி, மேல மெல்லிய பஞ்சுப் படலம் வெச்சு, கவரை ஏத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஏத்தறதுக்கு முந்தின நாள் கவரைக் குளிர் இல்லாத அறையில வெச்சிருந்தா கொஞ்சம் இணக்கமா வரும்.

கவர் கழண்டிருக்கிற இந்த நேரம்தான் பின்பக்கம் வேலை செய்ய வாய்ப்பு. ஊடுருவி அறுந்த விரிசல் இருந்தா மேல ஃபில்லர் (விரிசலை நிரப்புற பசை) மட்டும் அடைக்காதீங்க. பின்னாடி மெல்லிய காடாத்துணி வெச்சு, காய்ஞ்ச பிறகும் வளையற பசையால ஒட்டுங்க. கெட்டியாகுற பசை போட்டா ஒட்டுன இடம் தாங்கும், அதுக்குப் பக்கத்துல புதுசா உடையும்.

#15 தாத்தாவின்_வண்டி

எங்கள் சீட் நன்றாக இருப்பதற்கு இப்போது வேறு காரணம் தோன்றுகிறது. அப்பா காலத்தில் உள்ளே இருந்த ரப்பர் தடவிய நார்மெத்தையை மாற்றினார்கள். ஹைட் ஃபுட்டை நிறுத்தப்போவதில்லை, ஆனால் அளவைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. மார்க்_இரண்டு அந்தத் தேய்ந்த ஓரத்துக்கு நிறம் அடிக்கலாமா? என்னைக் கேட்டால் அப்படியே விடலாம். தேய்மானம் அந்தக் காரின் வரலாறு.

#16 நீலச்சக்கரம்

தேய்மானத்தை ரசிக்கலாம், ஆனால் திறந்த நாரை அப்படியே விடுவது வேறு. பூச்சு போன இடத்தில் வியர்வையும் தண்ணீரும் நேராக இறங்கும். அடுத்தவரின் ஜீன்ஸ் நீலமும் இறங்கும். அந்த ஓரத்துக்கு மட்டும் நிறம் ஏற்றுங்கள் என்பேன். சீட் முழுவதும் ஸ்பிரே அடித்துப் புதுசாக்குவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். அந்தத் தோலைத் தந்திருக்க வாய்ப்புள்ள கொனோலி தோல் நிறுவனம் 1878இல் தொடங்கி 2002இல் மூடப்பட்டது. பிழைத்திருக்கும் அசல் தோலையும் அசல் லாக்கரையும் ஒரு முறை மூடிவிட்டால் கீழே இருப்பதைச் சேதமில்லாமல் மீட்பது கஷ்டம்.

நிறத்துக்கு மாதிரி, சீட்டுக்கு அடியில் மடிந்து வெயிலே படாமல் இருந்த ஓரம். ஆனால் முகப்பு வெளிறியிருக்கும், அதனால் அசல் நிறத்துக்கும் இன்றைய நிறத்துக்கும் நடுவில் கலக்க வேண்டியிருக்கும். லாக்கர் சீட்டுக்கு லாக்கர் வகையே நன்றாக இணையும். நீரில் கரைத்த வகை என்றால் பழைய மெழுகு, கிரீம், சிலிக்கோன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிக நுண்ணிய உப்புக்காகிதத்தால் மெல்லத் தடவிவிட்டு அடிக்க வேண்டும். எதுவானாலும் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை. ஒரே தடவையில் தடிப்பாகப் போட்டால் அடுத்த மாதமே உரியும்.

அந்த வினைல் பகுதிகளுக்குத் தோல் கிரீம் வேண்டாம். மிதமான சோப்பு நீரும் ஈரத்துணியும் போதும்.

#17 பதனிடுவோன்

சிலிக்கோன் பற்றி அவர் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். டாஷ்போர்டைப் பளபளப்பாக்கும் ஸ்பிரேக்களில் அது இருக்கும். காற்றில் பறந்து சீட்டிலும் படியும். படிந்த இடத்தில் பின்னாளில் அடிக்கும் நிறம் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். பழைய காருக்குள் அதை அடிக்கவே அடிக்காதீர்கள்.

பூஞ்சைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்ல மருந்துதான், ஆனால் உங்களுடையது லாக்கர், ஆல்கஹால் அதை இளக்கக்கூடும். முதலில் வேக்குவம், காற்றோட்டம், உலர்ந்த சூழல். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும், மறைவிடத்தில் சோதித்தபின் ஆல்கஹால்.

வண்டியை நிறுத்திவைக்கும் இடத்தில் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள். ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வர வழி திறந்துவிட்டது. மிகக் குறைந்தால் தோல் தன்னுள் இருக்கும் நீரை இழந்து விறைக்கும். 45 முதல் 55 நல்லது. காற்று புகாத பிளாஸ்டிக் உறையைவிட உறையே இல்லாமல் இருப்பது மேல்.

#18 மார்க்_இரண்டு

எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன்: அழுக்கெடுப்பு, ஃபோம், பின்பக்க ஒட்டு, கடைசியில் ஓரத்துக்கு நிறம். எண்ணெய் கிடையாது. ஊசிநூல் அண்ணா, பைப்பிங் (தையல் விளிம்பில் ஓடும் உருண்டைக் கரை) ஓரத்தில் ஒரு சாண் நீளம் நூல் மக்கிப் பிரிந்திருக்கிறது, தோல் கிழியவில்லை. அதை மெஷினில் கொடுத்துத் தைக்கலாமா?

#19 ஊசிநூல்

மெஷின் வேண்டாம் சார். துணியில ஊசி போனா இழை விலகி மறுபடி சேரும். தோல்ல விழுந்த துளை விழுந்ததுதான். மெஷின் பழைய துளையில சரியா இறங்காது, பக்கத்துல புது வரிசை போடும், அப்புறம் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டுலயே பிய்ஞ்சுடும்.

மக்கின நூலைச் சின்ன கத்தரியால ஒவ்வொரு தையலா வெட்டி எடுங்க, இழுக்காதீங்க. பருத்தி நூலுக்குப் பதிலா அதே தடிமன்ல பாலியஸ்டர் நூல் எடுங்க, அது மக்காது. முனை மழுங்கின ஊசி ரெண்டு, ரெண்டு பக்கமிருந்தும் பழைய துளையிலயே போட்டுக் கையால தைங்க. நூலை ரொம்ப இறுக்காதீங்க, பக்கத்துல பழைய தையல் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு போதும். பிரிஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் நல்லா இருக்கிற தையல் மேல நாலஞ்சு துளை ஏத்தி முடிங்க. இதை ஃபோம் போட்டுக் கவரை இழுக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சுடணும்.